கிராம சபையில் கிரவுண்டு கேட்கப் போகிறீர்களா?

"எங்க ஊருக்கு விளையாட ஒரு கிரவுண்டு வேணும்" என்று கிராம சபையில் யாராவது எழுந்து சொன்னால் கைதட்டு விழும். "பரிசீலிக்கிறோம்" என்பார்கள். அத்தோடு சரி. பணம் இல்லாததுதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் பாதி கோரிக்கைகள் நிலத்திலேயே படுத்துவிடுகின்றன. சர்வே எண் இல்லாத தீர்மானத்துக்கு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது.

அதனால் முதல் வேலை வி.ஏ.ஓ. அலுவலகத்தில். ஊர் நிலக் கணக்கு இருக்கிற 'அ' பதிவேட்டில் அந்த இடம் என்ன வகை என்று பாருங்கள். கோடையில் பசங்க கிரிக்கெட் ஆடுகிற இடம் பல ஊர்களில் குளமோ ஏரியோதான். நீர்நிலைப் புறம்போக்கைக் கேட்டால் அன்றைக்கே கதை முடிந்தது, முடியவும் வேண்டும். மாடு மேய ஒதுக்கிய மேய்க்கால் புறம்போக்கும் லேசில் கிடைக்காது.

எடுத்த எடுப்பில் இரண்டு ஏக்கர் கேட்காதீர்கள். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15, அதாவது சுமார் 9 சென்ட். ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10. நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் சாயங்கால வெயில் ஒரு அணிக்கு நேரே கண்ணில் அடிக்கும்.

வருடத்தில் ஆறு கிராம சபை உண்டு. இதற்கு முக்கியமானது அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அதை ஒட்டித்தான் தயாராகும். அதில் ஏறாத வேலைக்கு மே மாதம் தொண்டை கிழியக் கத்தினாலும் மத்திய நிதிக்குழு மானியத்தில் பணம் எடுக்க முடியாது. அந்த மானியத்திலும் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. மிச்சத்தில் ரோடு, சாக்கடையோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும். சுற்றுவேலி, கம்பம், விளக்கு என்று பிரித்துக் கேட்டால் ஏதாவது ஒன்றாவது நடக்கும்.

2024-ல் கலைஞர் பெயரில் ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தார்களே, உங்கள் ஊருக்கு வந்தது எங்கே, அறைச்சாவி யாரிடம் என்பதையும் சபையிலேயே கேளுங்கள். இதற்கு நிதியே தேவையில்லை.

ஆள் கணக்கும் முக்கியம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும், 10,000 வரை என்றால் 200. ஆடுகிற பசங்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். 18 வயது ஆகாதவர் கணக்கில் வரமாட்டார். அம்மாக்கள் வரட்டும். பெண்பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஆட வருவார்கள், அங்கே விளக்கு உண்டா என்று அவர்கள்தான் கேட்பார்கள்.

கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுகிற பழக்கம் உண்டு. சர்வே எண், வேலை, உத்தேசத் தொகை, வருடாந்திரப் பராமரிப்பு நான்கும் எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பராமரிப்பை விட்டால் ஒரே மழையில் சீமைக் கருவேலம் கோர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

தீர்மான நகல் தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும். தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) மனு கொடுங்கள். தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.