என் வேகனைப் பொண வண்டின்னு சொல்லாதீங்க

"பொண்ணு இதுலயா வரப்போறா? பொண வண்டி மாதிரி நீட்டமா இருக்கே தம்பி. நல்ல நாளும் அதுவுமா..."

அக்கா பொண்ணு கல்யாணத்தன்னைக்குக் காலையில ஆறரை மணிக்கு, செவ்வந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்த என் வேகனுக்கு (கூரை டிக்கி வரைக்கும் நீண்டு போற கார்) முன்னாடி நின்னு சம்பந்தியம்மா சொன்ன வார்த்தை இது. நான் தாய்மாமன். அவளைக் கோயில் வாசல்ல கொண்டுபோய் இறக்குறது என் உரிமை. அதுக்காக ரெண்டு நாள் மத்தியானமே கடையைப் பூட்டிட்டு வந்து வண்டியைக் கழுவித் துடைச்சேன். ரிம்முக்குள்ள படிஞ்சிருந்த பிரேக் தூளைப் பழைய டூத் பிரஷ் வெச்சு நோண்டி எடுத்தேன். சம்பந்தியம்மா அப்படிச் சொன்னதும் அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா கண்ணாலேயே "விடுடா"ன்னு கெஞ்சினா. பத்து நிமிஷத்துல யாரோ ஒருத்தரோட வெள்ளை எஸ்யூவி வந்து நின்னுச்சு. மாலையைக் கழட்டி அதுக்குக் கட்டினாங்க. பொண்ணு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே அதுல ஏறினா.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்துல இருந்து டோங்காட் வரைக்கும் அந்த வெள்ளை வண்டிக்குப் பின்னாடியே போனேன். என் டிக்கியில என்ன இருந்துச்சு தெரியுமா? குலையோட ரெண்டு வாழைமரம், குத்துவிளக்கு, பதினொரு சீர்த்தட்டு. அந்த எஸ்யூவியில வாழைமரம் நுழையலை. பொண்ணு ஏறினா ஆகாது, அவ கல்யாணத்துக் குத்துவிளக்கு ஏறினா மட்டும் ஆகுமா? இதுக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லலை.

இந்தச் சொல்லை மூணு வருஷமா கேக்குறேன். பெட்ரோல் போடுற இடத்துல, கோயில் பார்க்கிங்ல, ரோபோட்ல (சிக்னலை இங்க நாங்க அப்படித்தான் சொல்வோம்) பக்கத்துல வந்து நிக்கிற பக்கிக்காரன்கிட்ட (பக்கின்னா பிக்கப் வண்டி). ஒரு கார் கடையில என் வண்டிக்கு விலை விசாரிக்கப் போனப்ப, "வேகனா சார்? அதை யாரு கேக்குறா? எஸ்யூவிக்கு மாறிடுங்க"ன்னு அந்தப் பையன் பேப்பரைக்கூட வாங்கிப் பார்க்காம சொன்னான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். கல்யாண வீட்டு வாசல்ல கேட்டது மட்டும் நெஞ்சுல முள்ளா நிக்குது.

அதனால சொல்றேன். நீங்க பொண வண்டின்னு சொல்றது 2016ஆம் வருஷத்து ஆடி ஆர்எஸ்6 அவான்ட். செகண்ட் ஹேண்ட்லதான் வாங்கினேன், ஒன்பது வருஷம் சேர்த்த காசு. கறுப்புகூட இல்ல, நார்டோ சாம்பல், காய்ஞ்ச சிமெண்ட் நிறம். உள்ள இருக்கிறது 4 லிட்டர் வி8 (வி வடிவத்துல ரெண்டு வரிசையா எட்டு சிலிண்டர்), ரெண்டு டர்போ (எக்ஸாஸ்ட் காத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள கூடுதல் காத்தைத் தள்ளுற விசிறி). 412 கிலோவாட், அதாவது 560 குதிரைத்திறன். 700 நியூட்டன் மீட்டர் இழுவை 1,750 ஆர்பிஎம்லயே முழுசா வந்துடும். நின்ன இடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.9 செகண்ட். வீட்டுல அஞ்சு பேரையும் 565 லிட்டர் டிக்கி நிறைய சாமானையும் ஏத்துற வண்டிக்குக் கிடைச்ச கணக்கு இது.

அந்த எஞ்சின்ல எனக்குப் பிடிச்ச ஒரு வேலைப்பாடு இருக்கு. சாதாரணமா வி8ல எக்ஸாஸ்ட் ரெண்டு பக்கமும் வெளியில போகும், டர்போவும் வெளியிலதான் தொங்கும். இதுல அதைத் தலைகீழாப் புரட்டிட்டாங்க. எக்ஸாஸ்ட் உள்பக்கம், டர்போ ரெண்டும் வி-யோட நடுப் பள்ளத்துல. சிலிண்டரை விட்டு வர்ற சூடான காத்து ஒரு சாண் தூரம் போறதுக்குள்ள டர்போவைச் சுத்திடுது. அதான் மிதிச்ச உடனே பாயுது. அவ்வளவு சூட்டையும் நடு வயித்துல வெச்சுக்கிட்டு எஞ்சின் தாங்கணும்னா, சுத்தி எத்தனை தகடு, எத்தனை குளிர்விப்பு வேலை வேணும்னு ஒரு தடவை பானட்டைத் திறந்து பாருங்க. மெதுவா போறப்ப எட்டு சிலிண்டர்ல நாலு தூங்கிடும். கேம்ஷாஃப்ட்ல (வால்வைத் திறந்து மூடுற தண்டு) ஒரு ஊசி இறங்கி கேமை நகர்த்த, அந்த நாலோட வால்வும் மூடிக்கிட்டே இருக்கும். காலை அழுத்தினா எட்டும் எழுந்துக்கும். உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

டர்பன் கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு டர்போவோட அருமை முழுசா புரியாது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுல சித்தி வீட்டுக்குப் போறப்ப பாருங்க. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல. காத்து அங்க மெலிசு. டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்துல ஆறுல ஒரு பங்கை அந்த உயரத்துல விட்டுடும். முன்னாடி நான் வெச்சிருந்த சின்ன கார் அந்த வழியில வர்ற வேன் ரீனன் கணவாய் ஏறுறப்பவே மூச்சு வாங்கும், லாரிக்குப் பின்னாடி ரெண்டாம் கியர்ல ஊர்ந்து போவேன். இந்த வண்டியில டர்போ இன்னும் வேகமா சுத்திக் குறையுற காத்தை ஈடுகட்டிடும். பின் சீட்டுல அம்மா தூங்கிட்டே வந்தாங்க, கணவாய் தாண்டி ஹாரிஸ்மித்ல எழுப்பினப்ப "மலை ஏறியாச்சா?"ன்னு கேட்டாங்க.

இப்ப எஸ்யூவி பேச்சுக்கு வர்றேன். எல்லாரும் சொல்ற நியாயம் ஒண்ணுதான்: உசரமா இருந்தா பாதுகாப்பு, உசரமா இருந்தா பலம். யார் சொன்னது? ஒரே கம்பெனி, ஒரே காலத்து ரெண்டு வண்டியைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2019ல வந்த தலைமுறை ஆர்எஸ்6 வேகனும் ஆர்எஸ் க்யூ8 எஸ்யூவியும் அறிமுகமானப்ப ரெண்டுக்கும் அதே 4 லிட்டர் வி8, அதே 441 கிலோவாட், அதே 800 நியூட்டன் மீட்டர், அதே எட்டு கியர். வேகன் 2,075 கிலோ. எஸ்யூவி 2,315 கிலோ. 240 கிலோ வித்தியாசம். மூணு பெரிய ஆளை, எங்க போனாலும், காலியா போனாலும், தூக்கிக்கிட்டே போற மாதிரி. வேகன் 3.6 செகண்ட்ல 100ஐத் தொடுது, எஸ்யூவிக்கு 3.8. பிரேக் அடிக்கிறப்பவும் அந்த 240 கிலோவை நிறுத்தியாகணும்.

உசரத்தோட விலை திருப்பத்துலதான் தெரியும். வண்டியோட எடை எவ்வளவு மேல நிக்குதோ, வளைவுல அவ்வளவு வெளிப்பக்கம் சாயும், வெளிப்பக்க டயர் மேல அவ்வளவு பாரம் ஏறும். அந்தச் சாய்வைத் தடுக்கத்தான் பெரிய எஸ்யூவிகள்ல 48 வோல்ட் மோட்டார் வெச்சு ஸ்டெபிலைசர் கம்பியை (இடது வலது சக்கரத்தை இணைச்சுச் சாய்வைக் குறைக்கிற கம்பி) முறுக்குறாங்க. நல்ல வேலைப்பாடுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது உசரமா கட்டினதால வந்த நோய்க்கு மருந்து. தாழ்வான வண்டிக்கு அந்த நோய் அவ்வளவு இல்ல. ஆர்எஸ்6ல டிஆர்சின்னு ஒரு சஸ்பென்ஷன் கிடைக்கும். முன் இடது ஷாக் அப்சார்பரையும் பின் வலது ஷாக் அப்சார்பரையும் எண்ணெய்க் குழாயால இணைச்சு நடுவுல ஒரு வால்வு. மத்த ரெண்டையும் அதே மாதிரி குறுக்கா. வளைவுல ஒரு மூலை அமுங்கினா, எண்ணெய் அழுத்தமே எதிர் மூலைக்குப் போய் வண்டியை நேரா பிடிக்குது. தோள்ல காவடியை எடுத்து ஆடினவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு பக்கம் இறங்கினா அடுத்த பக்கத்துத் தோள் தானா எதிர்க்கும்.

"அதெல்லாம் சரிடா, பள்ளத்துக்கு என்ன பண்ணுவ?" அத்தான் இதைக் கேக்காத ஞாயித்துக்கிழமை கிடையாது. அத்தான், வீல் அலைன்மென்ட் என் தொழில். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஊரு ரோட்டுல விழுந்து என் கடைக்கு வராத வண்டி கிடையாது. வளைஞ்ச ரிம்மோட என் லிஃப்ட்ல ஏறுற வண்டியில பாதிக்கு மேல எஸ்யூவி. பள்ளத்துல அடி வாங்குறது வண்டியோட உசரம் இல்ல, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர். என் வண்டிக்கு 21 இன்ச் ரிம் போட்டா டயர் 285/30, பக்கச் சுவர் எட்டரை சென்டிமீட்டர். 20 இன்ச் போட்டா 275/35, பக்கச் சுவர் ஒன்பதரைக்கு மேல. அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான் அழகைப் பார்க்காம 20 இன்ச் போட்டு ஓட்டுறேன். மூணு வருஷத்துல ஒரு ரிம் வளையலை. ரப்பர் பட்டை மாதிரி டயர் போட்ட 22 இன்ச் எஸ்யூவியை ஓட்டிட்டு வந்து, "உசரமான வண்டிடா இது"ன்னு சொன்னா பள்ளம் கேக்குமா?

வேகன்னா சோம்பேறி வண்டின்னு நெனைக்கிறவங்களுக்கும் ஒண்ணு. 1994ல பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துல வோல்வோ 850 எஸ்டேட்டை (வேகனுக்கு பிரிட்டன்ல அந்தப் பேரு) இறக்கினாங்க. சாமான் ஏத்துற நீட்டக் கூரையோட, செடான்களுக்கு நடுவுல. அதே வருஷம் ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து ஆர்எஸ்2 அவான்ட் கட்டினாங்க. வெறும் 2.2 லிட்டர், அஞ்சு சிலிண்டர், ஒரு டர்போ, 315 குதிரைத்திறன். என் வண்டி அந்தப் பரம்பரை. பொணம் தூக்குறதுக்கு நீட்டக் கூரை வசதின்னு சில பேர் வேகனை வெட்டி மாத்திக் கட்டுறாங்க, உண்மைதான். அதுக்காக நீட்டக் கூரை எல்லாத்தையும் சுடுகாட்டுக் கணக்குல எழுதுவீங்களா? பாடை மூங்கில்ல கட்டுறாங்க, பந்தலும் மூங்கில்லதான் போடுறோம். பந்தலுக்குக் கீழ உக்கார மாட்டேன்னு எந்தப் பொண்ணாவது சொன்னாளா?

நேத்து ராத்திரி அத்தான் போன் பண்ணினார். தைப்பூசத்துக்கு கிளேர்வுட் கோயிலுக்குக் காவடி எடுக்கிறார். மயில் பீலி, செவ்வந்தி எல்லாம் கட்டின பெரிய காவடி. போன வருஷம் யாரோட எஸ்யூவியிலயோ ஏத்தி, இடுப்பு உசரத்துக்குத் தூக்கி உள்ள திணிச்சதுல ஒரு பக்கத்துப் பீலி மொத்தமும் ஒடிஞ்சுபோச்சு. என் வண்டியில பின் சீட்டை மடக்கினா 1,680 லிட்டர், தரை சமமா, முட்டிக்குக் கொஞ்சம் மேல. நின்ன நிலையில அப்படியே படுக்க வெச்சு உள்ள தள்ளலாம்.

"மாப்ள, உன் வண்டி கிடைக்குமா?"ன்னு கேட்டார். குரல் தயங்குச்சு. கல்யாணத்தன்னைக்கு ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருந்தா அந்தத் தயக்கம் வந்திருக்காது.

"கொண்டு வரேன் அத்தான். முருகன் காவடி, மறுக்க மாட்டேன். ஆனா வழியில உங்க வாய்லயோ, கூட வர்றவங்க வாய்லயோ அந்தச் சொல் ஒரு தடவை வந்தாலும், ஹிக்கின்சன் ஹைவேன்னு பார்க்க மாட்டேன், ஓரம் கட்டி எல்லாரையும் இறக்கி விட்டுட்டு காவடியை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோவேன்"னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "காலையில நாலு மணிக்கு வந்துடு"ன்னார்.