பாலம் வருவதற்கு முன்

பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகள் வந்ததை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்வி பற்றிய உங்கள் கட்டுரை நன்றாகச் சொல்கிறது. ஆனால் ராமேஸ்வரம் தீவில் எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அதற்கு அர்த்தம், பிள்ளையைத் தொலைவில் விடுதியில் விட்டுவிட்டு வருவது. 1988 வரை தீவுக்குச் சாலைப் பாலமே கிடையாது, ரயில்தான். கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் எத்தனை தடவை போய்ப் பார்க்க முடியும்? காது கேளாத என் அத்தை மகள் பள்ளிக்கே போகவில்லை, கரையில் கருவாடு காயவைத்தே வளர்ந்தாள். அவ்வளவு கெட்டிக்காரி!

இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கும் திட்டம் 1974-இல் வந்தது, சரி. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அப்புறம் ஏன் சிறப்பாசிரியர்கள் இன்னும் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள்? சைகை மொழி தெரிந்த ஒருவர் தினமும் வகுப்பில் இருக்க வேண்டும். அடுத்த கட்டுரையில் இதை அழுத்தி எழுதுங்கள்.