மூக்கைப் பொத்தினாலும் பட்டியலில் இடமில்லை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்து தொழிற்பேட்டையை நெருங்கும்போது, யாரும் சொல்லாமலேயே ஜன்னல் கண்ணாடிகள் இழுத்து மூடப்படுவதையும், முந்தானைகளும் கைக்குட்டைகளும் மூக்குக்குப் போவதையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வகைப்படுத்திய 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. ஆனால் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவைதான் உள்ளன. திட்டத்தின் நிதியும் அந்த ஊர்களுக்குத்தான்.

அளவுகோலில்தான் சிக்கல் இருக்கிறது. பட்டியல் முக்கியமாக பிஎம் 10 எனும் நுண்துகளைப் பார்க்கிறது. ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் தேசியத் தரம். எங்களை மூக்கைப் பொத்த வைப்பதோ தூசி அல்ல, ரசாயன நெடி. அது அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

தூய காற்று நிதி இல்லையென்றால், புகை விடும் டீசல் பேருந்துகளை மாற்றவாவது வேறு வழியில் நிதி வருமா என்றால், 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பி.எம். இ-பஸ் சேவா திட்டத்தின் 10,000 மின்சாரப் பேருந்துகளுக்கு, 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சம் மக்கள்தொகை வேண்டும். கடலூரில் அப்போது ஏறத்தாழ 1.73 லட்சம் பேர். பெண்ணையாற்றைத் தாண்டி இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்கு, ஒன்றியப் பிரதேசத் தலைநகர் என்பதால் அந்த வரம்பு இல்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடும் டீசல் பேருந்தின் புகை, புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் நின்று சான்றிதழ் காட்டிவிட்டா போகிறது?

பட்டியலில் இருக்கும் ஊர்களும் அப்படியொன்றும் கொழித்துவிடவில்லை. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூய காற்று நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே செலவாகியிருக்கிறது. வாகனப் புகைக்குக் கிடைத்தது 13 விழுக்காட்டுக்கும் குறைவு. அமெரிக்காவில் ஒரு மாநிலம் காற்றுத் தரத் திட்டத்தில் தவறினால் நெடுஞ்சாலை நிதியை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பொதுப் போக்குவரத்துத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த முன்னுரிமையைத்தான் இங்கே காணோம்.

தொழிற்பகுதி மாசு வகைப்பாட்டையும் பேருந்து நிதிக்கான தகுதியாக ஏற்க வேண்டும் என்பதும், கடலூர்–புதுச்சேரியை ஒரே வழித்தடமாகக் காட்டி இரு அரசுகளும் சேர்ந்து விண்ணப்பிக்க விதியில் இடம் வேண்டும் என்பதும் என் கருத்து.