ஐந்து யூரோ விருந்தோம்பல்

சனிக்கிழமை என் வீட்டு விருந்தில் நான் ஊற்றிய வைன் போத்தலின் திருகுமூடியை விருந்தாளி ஒருவர் படமெடுத்துப் போட்டதையும், அதன் கீழே “ஐந்து யூரோ விருந்தோம்பல்” என்று கேலியாக எழுதியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படம் போட்டவர், கணவாய்ப் பொரியல் மேசைக்கு வருமுன்பே ஒரு மிடறு குடித்து, கைப்பேசியில் விலையைத் தேடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர் என்பதை யாரும் எழுதவில்லை.

அது கோத் து கஸ்கோன் வெள்ளை வைன். தென்மேற்குப் பிரான்சின் ஜேர் மாவட்டத்தில் கொலொம்பார், யூனி பிளான் என்ற திராட்சைகளைக் கலந்து செய்தது. யூனி பிளான் காலங்காலமாக அர்மன்யாக் என்ற அந்தப் பகுதிப் பிராந்தியை வடிப்பதற்குப் போன பழம். அந்தச் சரக்கின் விற்பனை சரிந்த பிறகு, அதே தோட்டங்களை வைத்திருந்தவர்கள் 1980களில் இந்த வைனைச் செய்து தலைநிமிர்ந்தார்கள். எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டு, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடத்தாமல் போத்தலில் அடைப்பதால்தான் விலை குறைவு. மலிவு என்பதற்கு மட்டம் என்று பொருள் இல்லை.

உணவோடு குடிக்கச் செய்ததை உணவோடுதான் குடித்துப் பார்க்க வேண்டும். வெறும் வாயில் அது தேசிக்காய்த் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மிளகு தூவிப் பொரித்த கணவாயில் இரண்டு வளையம் தின்று, உதட்டில் எண்ணெய் பளபளக்கும்போது ஒரு வாய் குடித்தால், அந்தப் புளிப்பு நாக்கைத் துடைத்துவிட்டு அடுத்த வளையத்துக்குக் கையை நீட்ட வைக்கும். உணவோடுதான், ஐயா, உணவோடுதான்.

விலை கூடிய வைனுக்கு ஆழம் உண்டே என்பீர்கள், உண்டு. நம் உறைப்புக்கு வைன் ஒத்துவராது என்பவர்களுக்கு: மதுச்சத்து கூடக்கூட மிளகாயின் எரிவும் கூடும், இதில் பதினொரு சதவீதம் அளவில்தான் இருக்கிறது, அதையும் நன்றாகக் குளிரவைத்தேதான் ஊற்றினேன். குடியை வளர்க்கிறேன் என்று கவலைப்படும் பெரியவர்கள், அதே மேசையிலிருந்த விஸ்கியைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

பாரிசில் ஒன்பது ஆண்டுகள் உணவகமொன்றில் பாத்திரம் கழுவினேன். நள்ளிரவில் அடுப்பை அணைத்த பிறகு தலைமைச் சமையற்காரர் மிஞ்சிய மட்டிச் சட்டியை நடுவில் வைத்து, இதே வைனை எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்றுவார். ஈரக்கையோடு நின்ற எனக்கும்தான். அந்த ஊரில் எனக்கென்று ஒருவர் ஊற்றித் தந்த முதல் கிண்ணம் அது. அவர் விலை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நினைவில்தான் சனிக்கிழமை அதை வாங்கி வைத்தேன். பணம் இல்லாமல் அல்ல. இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மிஞ்சிய கணவாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவரும் அந்தப் படம் போட்டவர்தான். டப்பா இன்னும் திரும்பி வரவில்லை.