ஃபோர்டு விட்டுப்போன இடமெல்லாம் இன்று யார் கையில்?

ஃபோர்டு ஏன் இந்தியாவை விட்டுப் போனது என்று பேச்சு வந்தால் உடனே ஒரு பதில் வரும்: "நம்ம ஆளுங்க மைலேஜ் கேப்பாங்க, விலை பாப்பாங்க, அமெரிக்கக் கம்பெனி எல்லாம் இங்க தாக்குப்பிடிக்காது." இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவெடுத்தவர்கள் இதில் சுலபமாகத் தப்பிவிடுகிறார்கள். பழி கார் வாங்கியவர்கள் மேல் விழுகிறது.

ஃபோர்டு மஹிந்திராவுடன் கூட்டு சேர்ந்து 1995-இல் வந்தது. ஹூண்டாய் இங்கே கம்பெனி தொடங்கியது 1996-இல். இரண்டு ஆலையும் சென்னைக்குப் பக்கத்தில்தான்: ஃபோர்டு திருச்சி போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர், ஹூண்டாய் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை. இரண்டுக்கும் அதே மாநில அரசு, அதே மின்சாரம், அதே வரி. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகள்தான் இரண்டு இடத்திலும் லைனில் நின்றார்கள். பாகங்கள் செய்து கொடுத்த வெண்டர் கம்பெனிகளும் ஒரே வட்டாரம். ஒரு கம்பெனி வளர்ந்து 2024-இல் பங்குச் சந்தைக்கே வந்தது. இன்னொன்று 2021-இல் கடையைக் கட்டியது. வித்தியாசம் இந்த மண்ணில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1967-இல் பிறந்த ஹூண்டாய் மோட்டார், கொரியாவின் உல்சானில் முதலில் செய்த கார் எது தெரியுமா? ஃபோர்டு கார்ட்டினா. ஃபோர்டின் காரைப் பூட்டிப் பூட்டித் தொழில் பழகியவர்கள் அவர்கள். முப்பது வருடம் கழித்துச் சென்னைக்கு வந்தபோது சான்ட்ரோ என்ற சின்னக் காரோடு வந்தார்கள், 1998-இல். ஃபோர்டு முதலில் கொண்டுவந்தது எஸ்கார்ட்டை. ஐரோப்பாவில் காலம் முடியப் போகிற நிலையில் இருந்த மாடல் அது. அப்புறம் 1999-இல் இந்தியாவுக்கென்றே செய்த ஐகான் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இந்தியக் குடும்பம் முதல் காராக வாங்கக்கூடிய சின்னக் கார் ஃபிகோவாக வந்தது 2010-இல். சான்ட்ரோவுக்குப் பன்னிரண்டு வருடம் பின்னால்! அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் குடும்பங்கள் முதல் காரை வேறு ஷோரூமில் வாங்கிவிட்டன என்று யோசியுங்கள்.

காரில் குறை இருந்ததா? ஃபிகோவை ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஸ்டியரிங் பிடிக்கும்போதே தெரியும் அதன் தரம். நான் இன்றும் மனதாரச் சொல்வேன், அந்த விலையில் அப்படிச் சாலையைப் பிடித்து ஓடிய கார் அன்று வேறில்லை. வாங்கத் தகுந்த கார் கொடுத்தபோது நம் மக்கள் வாங்கினார்கள்.

எக்கோஸ்போர்ட் கதைதான் எனக்கு ஆறவே இல்லை. 2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரிச் சலுகை உண்டு என்ற நம் ஊர் விதிக்குள் ஒரு எஸ்யூவியை அழகாகப் பொருத்திக் காட்டினார்கள். புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்தார்கள். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு நிற்கிற குட்டி எஸ்யூவி என்ற சந்தையை இங்கே பெரிதாகத் திறந்துவிட்டதே அந்தக் கார்தான். மாருதியின் பிரெஸ்ஸா 2016-இல் வந்தது, டாடா நெக்ஸான் 2017-இல், ஹூண்டாய் வென்யூ 2019-இல், கியா சோனெட் 2020-இல். இத்தனை பேர் வந்த பிறகும் ஃபோர்டு அதே எக்கோஸ்போர்ட்டைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு விற்றுக்கொண்டிருந்தது. அடுத்த தலைமுறைக் கார் வரவே இல்லை. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் 2018-இல் அமெரிக்காவுக்கே கப்பலேறி அங்கே ஷோரூமில் நின்றது. அந்த அளவு தரத்தில் வேலை செய்தார்கள் நம் தொழிலாளர்கள்.

அதற்கு நடுவே குஜராத்தின் சானந்தில் நூறு கோடி டாலர் செலவில் இன்னொரு ஆலை, 2015-இல். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் கார் செய்யலாம். சந்தையில் பங்கோ கடைசியில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 2019-இல் மீண்டும் மஹிந்திராவோடு கூட்டு என்றார்கள். 2020 முடியும்போது அதுவும் இல்லையென்று ஆனது. 2021 செப்டம்பர் 9 அன்று, பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், வெண்டர் கம்பெனி ஆட்கள், கேன்டீன், பஸ் ஓட்டியவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். 2022-இல் செட்டில்மென்ட்டுக்காக ஆலைக்குள்ளேயே போராட வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

இது இந்தியாவில் மட்டும் நடந்திருந்தால் சரி, ஒரு தவறு என்று விட்டுவிடலாம். பிரேசிலில் ஃபோர்டு 1919-இலிருந்து இருந்தது. 2021 ஜனவரியில் அங்கேயும் உற்பத்திக்கு மூடுவிழா. அங்கே காமசாரி என்ற ஊரில் ஃபோர்டு விட்ட இடத்தில் இன்று சீனாவின் பிஒய்டி கார் கம்பெனி இருக்கிறது. இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் இதே கதைதான். தாய்லாந்தின் ராயோங் ஆலையைச் சீனாவின் கிரேட் வால் கம்பெனிக்கு விற்றது. அதன் குஜராத் ஹாலோல் ஆலை, சீனாவில் அதன் கூட்டாளியான சாய்க் (SAIC) கம்பெனிக்குப் போனது. எம்ஜி கார்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அதன் மகாராஷ்டிர தலேகான் ஆலை ஹூண்டாயிடம். ஃபோர்டின் சானந்த் டாடாவிடம். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்துக்குள் போட்டிக்காரன் வந்து உட்கார்ந்து, அதே ஊர் ஆட்களை வைத்துப் பிழைக்கிறான்.

ஜெர்மனியின் ஓப்பலைப் பாருங்கள். 1929-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த கம்பெனி. 1999-க்குப் பிறகு ஐரோப்பாவில் அவர்களுக்கு ஒரு வருடம்கூட லாபம் இல்லை. 2017-இல் பிரான்சின் பெஷோ குழுமம் வாங்கியது. மறு வருடமே ஓப்பல் லாபம் காட்டியது. செலவை இறுக்கினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இருபது வருடமாக முடியாதது ஒரே வருடத்தில் எப்படி முடிந்தது?

என் பார்வையில் காரணம் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. 1960-களில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட, பதிலுக்கு அமெரிக்கா வெளிநாட்டுச் சின்ன டிரக்குகள் மேல் 25 சதவீத வரி போட்டது. பிக்கப் வண்டிகளும் இந்தக் கணக்கில்தான் வரும். கோழிச் சண்டை மறந்துபோயிற்று, வரி மட்டும் இன்றுவரை நிற்கிறது. அந்த வேலிக்குள் பெரிய பிக்கப் வண்டிகளை விற்பதில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற டெட்ராய்ட் கம்பெனிகளுக்குக் கொழுத்த லாபம். ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் ஒன்றை விற்றுக் கிடைக்கிற லாபத்துக்கு எத்தனை ஃபிகோ விற்க வேண்டும்? அதனால் பணத்தை எங்கே போடுவது என்று பேச உட்காரும்போதெல்லாம் சென்னைக்குத் தேவையான அடுத்த மாடல் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. 2018-இல் ஃபோர்டு தன் சொந்த நாட்டிலேயே மஸ்டாங் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, எஸ்யூவி, பிக்கப் அல்லாத மற்ற கார்களைக் கைவிடுவதாக அறிவித்தது. சொந்த வீட்டிலேயே சின்னக் கார் வேண்டாம் என்கிறவர்கள் நமக்கு எப்படிப் பொறுமையாகச் செய்து தருவார்கள்?

சுசூகி இதற்கு நேர் எதிர். 2012-இல் அமெரிக்காவில் கார் விற்பதையே அவர்கள் விட்டுவிட்டார்கள். இந்தியாவை விடவில்லை, இதைத் தங்கள் சொந்தச் சந்தையாக நினைத்துச் சின்னக் காரிலேயே உயிரை வைத்தார்கள்.

டெட்ராய்ட் கம்பெனிகளுக்குச் சீனாவிலும் இப்போது சறுக்கல்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் அங்கே 40 லட்சம் வண்டிகள் விற்றது, அமெரிக்காவில் விற்றதைவிட அதிகம். 2024 டிசம்பரில் அதே சீனத் தொழிலுக்காக 500 கோடி டாலருக்கு மேல் இழப்பு எழுத வேண்டிவந்தது. சீன மின்சாரக் கார்கள் மேல் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டிருக்கிறது. ஆனால் ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லியே, செல்போன் செய்யும் ஷவ்மி கம்பெனியின் சீன மின்சாரக் காரை ஆறு மாதமாக ஓட்டுகிறேன், திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வரி வேலி அமெரிக்க எல்லையோடு முடிகிறது. பிரேசிலிலும் தாய்லாந்திலும் கார் வாங்குகிறவருக்கு அந்த வேலி இல்லை.

இப்போது ஃபோர்டு மறைமலை நகருக்குத் திரும்புகிறது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழக அரசோடு ஒப்பந்தம்: 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-இலிருந்து வருடத்துக்கு 2,35,000 எஞ்சின்கள். வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த முறை அரசு கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். மீண்டும் மூடினால் எத்தனை மாத முன்னறிவிப்பு, தொழிலாளிக்கு என்ன இழப்பீடு, வெண்டருக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் சலுகைகளைக் கொடுக்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும். 2022-இல் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு வேலையில் முன்னுரிமை உண்டா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். 2029-இல் அவர்களில் பலருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். வயது வரம்பு காட்டி அவர்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.