ஒரு செட்டு மாத்திரை

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட்டு மாத்திரை, நல்ல பவரா குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போணும்" என்றார். யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக, ஒரு கேள்வி கிடையாது. நாலு டப்பாவைத் திறந்து கத்தரியால் நறுக்கி, காகித உறையில் போட்டு நீட்டிவிட்டார் அண்ணாச்சி. அதில் இரண்டு செபிக்சிம், அதாவது பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் இருந்தது, காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்டது.

எனக்கு முக்கூடல் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அத்தை பீடி சுற்றுகிறவள். காலையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள், எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்குவாள், இரண்டிலேயே எரிச்சல் அடங்கிவிடும், மீதி இரண்டு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், அடுத்த தடவைக்கு. இப்படியே பல வருஷம். போன வருஷம் குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட, ஆஸ்பத்திரியில் சேர்த்து, சிறுநீரில் உள்ள கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற யூரின் கல்ச்சர் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து வந்த தாளில் வரிசையாக மருந்துகளின் பெயர், பக்கத்தில் ஆர், ஆர், ஆர். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏல, எல்லாத்துக்கும் ஒரே எழுத்தா போட்டிருக்கான், பாஸா ஃபெயிலா?" என்றாள். ஃபெயில்தான் அத்தை, மாத்திரைதான் ஃபெயில். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று அர்த்தம். வாயில் போடும் மருந்து ஒன்றுகூடத் தேறவில்லை. ஏழு நாள் கையில் ஊசி, அந்த ஏழு நாளும் பீடி இல்லை, கூலி இல்லை.

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று நாம் சொல்வது தப்பு. பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அந்தக் கிருமி, தன் வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கே தொடாத பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் போகும், தான் கற்ற வித்தையை வேறு ஜாதிக் கிருமிக்கும் சொல்லிக்கொடுக்கும். பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே, இது கடையில் கிடைக்கும் காலம் வந்தால் ஆட்கள் அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிருமியைத் தேற்றிவிடுவார்கள் என்று எச்சரித்திருக்கிறார். அவர் நம்ம ஊர் மெடிக்கலைப் பார்த்ததே இல்லை! 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகம் முழுக்கச் செத்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. செபிக்சிம் மாதிரி மருந்துகளை 2014-லிருந்து எச்1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டும், யார் எழுதினார், யாருக்கு விற்றோம் என்று கடையில் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். புளியரை தாண்டினால் கேரளாவில், 2024-ல் ஆபரேஷன் அம்ரித் என்று பெயர் வைத்து, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர் சோதனை போட்டார்கள். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?

ஆனால் அண்ணாச்சியை மட்டும் திட்டி எனக்கு ஆறவில்லை. டாக்டர் பீஸ் முந்நூறு, அரைநாள் கூலி போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை, ஆனால் வரிசை இருக்கிறது. செட்டு மாத்திரை நாற்பது ரூபாயில் முடிகிறது. சரி, அது இல்லாதவர்கள் கதை. காசு உள்ள நாம் என்ன செய்கிறோம்? வைரஸ் காய்ச்சல்தான், பாரசிட்டமால் போதும் என்று உண்மையைச் சொல்கிற டாக்டரை, "கைராசி இல்லாத ஆளு" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம். அப்புறம் அவரும்தான் என்ன செய்வார், ஒரு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்து எழுதிவிடுகிறார்.

நேற்று முக்கூடல் போயிருந்தேன். அந்த பிஸ்கட் டப்பா இன்னும் அலமாரியில்தான் இருந்தது. உள்ளே மஞ்சள் பூத்த மாத்திரைகள், ஒன்றிரண்டு அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம். அத்தை முறைக்க முறைக்க எடுத்து வந்துவிட்டேன். எங்கே போடுவது என்றுதான் விளங்கவில்லை. சாக்கடையில் கொட்டினால் போய்ச் சேருவது தாமிரபரணிதான், குடிப்பதும் அதைத்தான். இப்போதைக்கு டப்பா என் பைக் பெட்டிக்குள் கிடக்கிறது.