பாங்காக்: சாலைக்கு மேலே இன்னொரு சாலை

ஆறு நாள் பாங்காக்கில் இருந்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து நண்பர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: என்னென்ன வாங்கினாய், போக்குவரத்து நெரிசல் எப்படி இருந்தது? முதலில் தனித்தனியாகத்தான் பதில் சொல்லி வந்தேன். இப்போது யோசித்தால் இரண்டும் ஒரே கேள்வி என்று தோன்றுகிறது. அந்த நகரத்தின் நெரிசல்தான் அதன் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் நாள் மாலை அசோக் சந்திப்புக்கு அருகிலிருந்து பிரதுநாம் துணிச் சந்தைக்கு டாக்சியில் புறப்பட்டேன். மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் இருக்கும். ஐம்பது நிமிடம் ஆயிற்று. என்னை வியக்க வைத்தது தாமதமல்ல, அந்த அமைதி. முன்னும் பின்னும் வண்டிகள் அசையாமல் நிற்க, ஒருவர்கூட ஹாரனைத் தொடவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் தொங்கிய பூமாலையைச் சரிசெய்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பொறுமை என்று இதைப் புகழ்வதா, பழகிப்போன சலிப்பு என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

நெரிசலுக்குக் காரணம் வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. கால்வாய்களால் ஆன ஊர் அது. அவற்றில் பலவற்றைத் தூர்த்துத்தான் சாலை போட்டார்கள். சுகும்வித் போன்ற பெருஞ்சாலைகளிலிருந்து பிரியும் ‘சோய்’ எனப்படும் தெருக்களில் பல மறுமுனையில் எங்கும் போய்ச் சேராத முட்டுச்சந்துகள். ஆகவே, அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய வண்டியும் பெருஞ்சாலைக்கு வந்துதான் திரும்பியாக வேண்டும். இது போதாதென்று, பல சந்திப்புகளில் போலீஸ்காரர் கூண்டுக்குள் அமர்ந்து சிக்னலைக் கையால் இயக்குகிறார். சிவப்பு விழுந்தால் ஒரு காப்பி குடித்து முடித்துவிடலாம்.

இந்தச் சாலையிலிருந்து தப்பிக்க 1999 டிசம்பரில் மேம்பால ரயில் வந்தது. 2004இல் சுரங்க ரயில் வந்தது. இரண்டுமே நன்றாக ஓடுகின்றன. ஆனால் என் கவனத்தை இழுத்தது ரயிலை விட அதன் நிலையங்களிலிருந்து கிளைக்கும் ஆகாய நடைபாதைகள்தான். சியாமில் இறங்கினால் தரையைத் தொடாமலேயே பேரங்காடிக்குள் போகலாம். சிட் லோமில் இறங்கினால் சாலைக்கு மேலேயே நடந்து, வழியிலுள்ள வணிக வளாகங்களைத் தொட்டபடி பிரதுநாம்வரை வந்துவிடலாம். வெயிலும் புகையும் படாத, குழந்தையைக் கைவிட்டு நடக்கவிடக்கூடிய பாதை. அதில் நடப்பவன் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு கண்ணாடிக் கதவைக் கடக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று வந்து முகத்தில் அடிக்கிறது. எதுவும் வாங்கும் எண்ணமில்லாத நானே மூன்று முறை உள்ளே போனேன், இரண்டு முறை பையோடு வெளியே வந்தேன். கீழே எட்டிப் பார்த்தால், உடைந்த நடைபாதையில் கரி அடுப்பு வைத்து இறைச்சி சுடும் பெண்மணியும், ஆரஞ்சு நிற மேலங்கியோடு சவாரிக்குக் காத்திருக்கும் பைக் டாக்சிக்காரர்களும். நடப்பவர்களை மேலே ஏற்றிவிட்ட பிறகு கீழேயிருக்கும் நடைபாதையைச் சீராக்க யாருக்கு அவசரம் இருக்கும்?

பிரதுநாமின் பெரிய துணி வளாகத்தில் வியாபாரம் நறுக்கென்று நடக்கிறது. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை. மொழி தெரியாத குறையைக் கால்குலேட்டர் தீர்க்கிறது: அவர் ஓர் எண்ணை அழுத்துவார், நான் வேறோர் எண்ணை அழுத்துவேன், சிரித்தபடி தலையை ஆட்டுவார். அதற்கு மேல் பேரம் இழுப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. பல கடைகளில் உடுத்திப் பார்க்க விடுவதில்லை. மனைவிக்கு எடுத்த இரண்டு சட்டைகள் இப்போது மச்சினியிடம் இருக்கின்றன. மூட்டை கட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் தமிழும் காதில் விழுந்தது. விசாரித்தால், ஊரில் கடை வைத்திருப்பவர்கள்.

சனிக்கிழமை சாதுசக் வாரச் சந்தைக்குப் போனேன். 1982இல் சனாம் லுவாங் மைதானத்திலிருந்து இடம் மாறிய இந்தச் சந்தையில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன என்கிறார்கள். குளிர்சாதனம் கிடையாது, தகரக் கூரை கொதிக்கிறது, மணிக்கூண்டை அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால் வழி தவறுவது நிச்சயம். இருந்தும் அந்த ஊரில் நான் மனமாரக் கடை பார்த்தது அங்கேதான். அங்கே நான் விரும்பிப் போனேன். நடைபாதை என்னைக் கொண்டுபோய்த் தள்ளவில்லை.

கடைசி நாள் மீண்டும் பிரதுநாம். பெயருக்கு ‘நீர்க்கதவு’ என்று பொருள். பக்கத்தில் ஓடும் சேன் சேப் கால்வாயின் மதகினால் வந்த பெயர். 1837இல் வெட்டத் தொடங்கிய அந்தக் கால்வாயில் இன்றும் பயணிகள் படகு ஓடுகிறது. நடத்துனர் தலைக்கவசம் அணிந்து, படகின் விளிம்பில் நின்றபடியே டிக்கெட் கிழிக்கிறார். எதிரே படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். நான் ஒரு நொடி தாமதித்ததில் பைகள் நனைந்தன. பக்கத்து இருக்கை அம்மையார் என்னைப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து கயிற்றை இழுத்தார். டாக்சியில் ஐம்பது நிமிடமான தூரம், படகில் பத்தே நிமிடம். வழியில் ஒரு கடைகூட இல்லை.